பெயருக்குக் கீழே ஒரு வரி

அச்சுவேலியில் செல்வரட்ணம் வீட்டுப் படலைக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தியதும், தியாகராசா முதலில் சீப்பை எடுத்துத் தலையை வாரினார். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை. ஆனாலும் வாரினார். பின்னால் இருந்து இறங்கிய மனைவி குணலட்சுமி கைப்பையைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தாள். வெற்றிலை, கற்கண்டு, வெள்ளிக் குங்குமச்சிமிழ், மூலைகளில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ். எல்லாம் இருந்தன. சித்திரை வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. காலையிலிருந்து இது ஏழாவது வீடு. ஆறு வீட்டிலும் ஆறு தேத்தண்ணீர் குடித்தாகிவிட்டது. ஆனால் கலியாணம் என்றால் வீடு தேடிப் போய்த்தான் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னால் 'போனிலை சொன்னவை' என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் அடுத்த தலைமுறையின் கலியாணம் வரைக்கும் கூடவே வரும்.

தியாகராசா ஓய்வுபெற்ற தபாலதிபர். முப்பத்தெட்டு வருடம் ஊராரின் கலியாண அழைப்பிதழ்களுக்கு முத்திரை குத்தி அனுப்பியவர். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே இருக்கும் அட்டையின் தடிப்பைச் சொல்லிவிடுவார். அதனால் ஒரே மகள் கஜந்தினியின் கலியாணத்துக்கு அட்டை தெரிவுசெய்வதற்கு மட்டும் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு மூன்று தடவை போய்வந்தார். வாசகத்தையும் தானே எழுதினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் பெயருக்குக் கீழே படிப்பையும் உத்தியோகத்தையும் சின்ன எழுத்தில் போடவேண்டும். முகூர்த்த நேரத்தை மறந்து பிந்தி வருகிறவர்கள்கூட அந்தச் சின்ன எழுத்தை மறக்கமாட்டார்கள். கஜந்தினிக்குக் கீழே 'விஞ்ஞானமாணி, கணித ஆசிரியை' என்று இருந்தது. மாப்பிள்ளை யதுசனுக்குக் கீழே 'வணிக நிர்வாகமாணி, வடபிராந்திய விற்பனை முகாமையாளர்'. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய கொம்பனி. அந்த வரியைப் பொன்னிறத்தில் அடிக்கச் சொல்லிக் கேட்டார். அச்சகத்துக்காரன்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டான்.

செல்வரட்ணம் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். எந்தக் கடுதாசி கைக்கு வந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்து, ஒரு பிழையாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தியாகராசாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அன்று தொடங்கிய போட்டி இன்றும் முடியவில்லை. வெற்றிலையோடு அட்டையை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்வரட்ணம் வாசிக்கத் தொடங்கியபோது, அந்த வரி எப்போது வரும் என்று தியாகராசா அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது. கண்கள் அங்கேயே நின்றன.

"கந்தப்பு யதுசன்," என்றார் செல்வரட்ணம். "கொடிகாமமோ?"

"ஓம். தேப்பன் கொடிகாமம் சந்தையிலை மரக்கறி மொத்த வியாபாரம். நல்ல சனம்."

செல்வரட்ணம் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு அட்டை இருந்தது. கிளினிக்கில் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களே, அந்த அளவு. பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, தொங்கவிடுவதற்கு நூலும் கட்டியிருந்தது. மேலே 'கிணற்று அட்டை' என்று அச்சடித்திருந்தது. வீட்டுக்காரர் பெயர், கிணற்றின் ஆழம், தண்ணீரின் உப்பு, அடுத்தமுறை இறைத்துத் துப்புரவாக்கவேண்டிய மாதம் எல்லாம் கையால் நிரப்பியிருந்தார்கள். கடைசியில் 'இறைத்தவர்: கந்தப்பு யதுசன்'.

"போன மாசம் எங்கடை கிணறு இறைச்சவர். அருமையான பொடியன். இருவது வருசத்துக்கு முந்தி விழுந்த வெண்கலச் செம்பையும் எடுத்து, மினுக்கியெல்லோ தந்தவர். உவர்தானே அவர்?"

தியாகராசா அட்டையை வாங்கினார். ஆயிரக்கணக்கான ஆட்களின் கையெழுத்தைப் பார்த்த கண். பொங்கலுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த வாழ்த்து மடலில் இருந்த அதே எழுத்து. வலப்பக்கம் சரிந்து, வரி முடிகிற இடத்தில் மேலே ஏறுகிற எழுத்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் வாய் வேறு ஒன்று சொன்னது.

"சீ, அது வேறை ஆள். கொடிகாமத்திலை எத்தினை யதுசன் இருப்பாங்கள்."

"கந்தப்பு யதுசனும் கனபேரோ?"

"இருக்கலாம்தானே."

செல்வரட்ணம் அவரையும் குணலட்சுமியையும் மாறிமாறிப் பார்த்தார். குணலட்சுமி நிலத்தில் இருந்த சீமெந்து வெடிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். "ஓம், இருக்கலாம்," என்றார் செல்வரட்ணம். பிழை பிடித்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டது அவர் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முதல்தடவையாக இருக்கும். தேத்தண்ணீர் வருவதற்குள் தியாகராசா எழுந்துவிட்டார். அவசரத்தில் குங்குமச்சிமிழை ஸ்ரூலின் மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

தோட்டங்களுக்கு நடுவே போகிற தெருவில் ஸ்கூட்டர் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் செம்மண், வெங்காயப் பாத்திகள், தூரத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டரின் சத்தம். ஒரு வேப்பமரத்துக்குக் கீழே தியாகராசா நிறுத்தினார். இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம்," என்றாள் குணலட்சுமி.

"எப்ப தொடக்கம்?"

"மாசியிலை பிள்ளை சொன்னவள். அவர் பொங்கல் முடிஞ்ச கையோடை வேலையை விட்டிட்டாராம்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

முப்பத்தெட்டு வருடம் ஊர்ச் சேதியையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குத் தன் வீட்டுச் சேதி மட்டும் வந்து சேரவில்லை. அதை நினைத்தபோது அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் கூட வந்தது. ஏற்கெனவே நூற்றுச் சொச்சம் வீடுகளில் அந்த வரியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

உடுவில் வீட்டில் கஜந்தினி சாப்பாட்டு மேசையில் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அவர் சொல்லத்தான் வந்தவர் அப்பா. நான்தான் மறிச்சனான்."

"ஏன் பிள்ளை?"

"நீங்கள் கலியாணக் காட்டுக்கு வாசகம் எழுதிப்போட்டு எங்களுக்கு வாசிச்சுக் காட்டினனீங்கள். அந்த வரியை மட்டும் மூண்டு தரம் வாசிச்சனீங்கள். மூண்டாந்தரம் உங்கடை குரல் தழுதழுத்துப் போச்சு. எனக்கு வாய் வரேல்லை. பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு இருக்க, காட் அடிச்சு வந்திட்டுது."

"அவையின்ரை வீட்டுக்கும் வாசகத்தை ஒருக்கா அனுப்பிக் கேட்டனானே. கந்தப்பர் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"அவர் உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சவர். கௌரவத்துக்காகப் பழைய வேலையைப் போடுறியள், பொம்பிளை வீட்டார் ஆசைப்படினம், எதிர்த்துக் கதைக்கக்கூடாது எண்டு பேசாமல் இருந்தவராம்."

தியாகராசா கதிரையில் இருந்தார். இப்படி ஒரு பிழை வேறெந்த ஊரிலும் நடக்காது என்று அவருக்குத் தோன்றியது. ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மகள் பேசாமல் இருந்தாள். மரியாதை கெடக்கூடாது என்று சம்பந்தி பேசாமல் இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய் நல்ல தடித்த அட்டையில் அச்சாகி வந்துவிட்டது.

"அப்ப இப்ப என்ன செய்யிறது? கிணறு இறைக்கிறவர் எண்டு காட்டிலை போடுறதோ?"

"போட்டால் என்ன அப்பா?"

"போட்டால் என்னவோ? சனம் என்ன கதைக்கும் தெரியுமோ? மனேச்சர் எண்டு சொல்லிப்போட்டுச் சேறு அள்ளுற ஆளுக்குப் பிள்ளையைக் குடுத்திட்டார் எண்டு..." கதிரையை விட்டு எழுந்தார். "நாளையிலையிருந்து ஒரு வீட்டுக்கும் காட் போகாது. முதல் நான் யோசிக்கவேணும்."

கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. அட்டை நின்றால் கலியாணமும் நிற்கும் என்பது அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கஜந்தினி அழவில்லை. கொப்பிகளை அடுக்கிக் கரையில் வைத்துவிட்டுத் தகப்பனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"உங்கடை மனத்தை நோகப்பண்ணிப்போட்டு நான் கலியாணம் செய்யமாட்டன் அப்பா. ஆனா வேறை ஒருத்தரையும் செய்யவும் மாட்டன். இதையாவது இப்பவே சொல்லிப்போட வேணும்."

அவள் கணக்கு வாத்தியார். இரண்டு வரியில் விடையை எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள் தியாகராசா அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன் அறையிலேயே இருந்தார். மூன்றாம் நாள் ஒரு சவரத் தகட்டை எடுத்து, ஒரு அட்டையில் அந்த வரியை மட்டும் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். தபாற் கந்தோரில் பிழையான எழுத்தைச் சுரண்டி எடுப்பதில் அவர் பெயர்போனவர். ஆனால் அது அரசாங்கக் கடுதாசி. இது பளபளப்பான அட்டை. 'முகாமையாளர்' போவதற்குள் அட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டை வழியாக அவருடைய பெருவிரல் தெரிந்தது. அந்த அட்டையைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. பிள்ளையார் படம் போட்ட அட்டையை எப்படிக் கிழிப்பது? பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

குணலட்சுமி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பெட்டிக்கு மற்றப்பக்கம் நிலத்தில் இருந்தாள். ஒரு அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். இன்னும் மை மணம் இருந்தது.

"எங்கடை கலியாணத்துக்குக் காட் அடிச்சனாங்களே?" என்று கேட்டாள்.

"அது தொண்ணூற்று மூண்டு. சண்டைக்காலம். பேப்பர்க்காரனே பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலை பேப்பர் அடிச்சவன். காட்டுக்கு எங்கை போறது?"

"அடிச்சிருந்தால் உங்கடை பேருக்குக் கீழை என்ன போட்டிருப்பினம்?"

"ஏன், தபாற் கந்தோர் எழுதுவினைஞர் எண்டு."

"கந்தோர் பூட்டி ஏழு மாசம். சம்பளம் இல்லை." அவள் சிரித்தாள். "நீங்கள் என்னைப் பாக்க வந்த அண்டைக்கு, சைக்கிளைப் பின்பக்கம் மாமரத்தோடை சாத்திப்போட்டு வந்தனீங்கள். கரியரிலை ஒரு பெட்டி. சாக்காலை மூடிக் கட்டியிருந்தது. எங்கடை ஐயா அதைத் திறந்து பாத்தவர்."

தியாகராசாவின் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது. பெட்டிக்குள் இருந்தது சவுக்காரம், உடுப்புத் தோய்க்கிற சோப்பு. கடைகளில் சவுக்காரமே இல்லாத காலம். அவரும் ஒரு நண்பனும் தேங்காயெண்ணெய் காய்ச்சி, வெறும் சாடின் மீன் தகரத்தில் ஊற்றி, கட்டிகளாக வெட்டி, அந்தப் பக்கத்து ஊர்களில் வீடுவீடாக விற்றார்கள். அன்று பெண் பார்க்கப் போகும் வழியில், விற்காமல் மிச்சம் இருந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் கூடவே கொண்டுபோய்விட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. குணலட்சுமிக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

"ஐயா பாத்தவரோ?"

"பாத்திட்டு என்ன செய்தவர் தெரியுமோ? நீங்கள் வெளிக்கிடேக்கை, 'தம்பி, உந்தச் சவுக்காரத்திலை ஒரு கட்டி குடுத்திட்டுப் போம்' எண்டு கேட்டு வாங்கினவர். எல்லாருக்கும் முன்னாலை. உங்கடை முகத்தை நான் யன்னலாலை பாத்தனான். மறந்துபோனியளோ?"

மறந்துதான் போயிருந்தார். இல்லை, மறக்கவேண்டும் என்று நினைத்து அதில் வெற்றியும் கண்டிருந்தார். இப்போது எல்லாம் அப்படியே வந்து நின்றது. வெட்கத்தில் காது சுட்டது, கட்டியைச் சுற்றிக் கொடுக்கக் கடுதாசி இல்லாமல் வாழையிலையில் சுற்றியது, மாமனாராகப்போகிற கிழவர் அதை மூக்கருகே கொண்டுபோய் 'நல்லாக் காய்ச்சியிருக்கிறீர்' என்று சொன்னது எல்லாம். தெருவுக்கு வந்து சைக்கிள் மிதித்தபோது கண் கலங்கித் தெருவே தெரியவில்லை.

"நுரைச்சுதோ?" என்று கேட்டார் தியாகராசா, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு.

"கொஞ்சம் குறைவு," என்றாள் குணலட்சுமி. "ஆனா ஐயா ஒண்டும் சொல்லேல்லை."

அன்று பின்னேரம் அவர் கைத்தொலைபேசியை எடுத்து யதுசனின் இலக்கத்தை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு 'மாமா' என்று சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்பது மூச்சிலேயே கேட்டது.

"தம்பி, கிணறு ஒண்டு இறைக்கவேணும்."

மறுபக்கம் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் மாமா. எந்த இடம்?"

"உடுவில். வீடு உமக்குத் தெரியும்."

"எத்தினை அடி ஆழம் மாமா? கடைசியா எப்ப இறைச்சது?" குரல் நடுங்கினாலும் கேள்விகள் ஒழுங்காக வந்தன. அது தியாகராசாவுக்குப் பிடித்திருந்தது.

"ஆழம் தெரியாது. வந்து பாரும்."

சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்றுகிற ஒரு சின்னப் பட்டா வாகனம் வீட்டு ஒழுங்கைக்குள் வந்தது. மோட்டர், தடித்த குழாய், கயிற்றுச் சுருள்கள், இரும்பு முக்காலி. யதுசன் நீலக் காற்சட்டையும் நீலச் சட்டையும் போட்டிருந்தான். முன்பு வரும்போது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்த ஆள். முகத்தில் கறுப்பு ஏறி, உடம்பு கொஞ்சம் வற்றியிருந்தது. கூட ஜெரிசன் என்று தாடி வைத்த ஒருவன். குணலட்சுமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கலியாணத்துக்கு முதல் மாப்பிள்ளை இப்படி வாசலுக்கு வந்தால் வரவேற்பதா, வேலைக்கு வந்தவரைப்போல் பின்பக்கம் போகச் சொல்வதா? கடைசியில் இரண்டும் இல்லாமல், "தேத்தண்ணி குடிச்சிட்டு இறங்குங்கோ" என்றாள். கஜந்தினிக்கு வெளியே வர அனுமதியில்லை. ஆனால் குசினி யன்னல் கிணற்றைப் பார்த்துத்தான் இருந்தது. அன்று குசினியில் அவளுக்கு நிறைய வேலை இருந்தது.

யதுசன் முதலில் ஒரு தாளை எடுத்துக் கேள்விகள் கேட்டு எழுதினான். பிறகு கயிற்றில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிக் கீழே விட்டு, விஷவாயு இல்லையென்று பார்த்தான். கொம்பனிப் பழக்கம் போகவில்லை என்று தியாகராசா மனதுக்குள் சிரித்தார். மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடியது. கிணற்றுத் தண்ணீர் முழுவதும் வாழைகளுக்குள் பாய்ந்தது. இனி ஆள் இறங்கவேண்டும். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. மூன்றாவது ஆளின் பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் வரவில்லை. ஜெரிசன் சேற்று வாளியை இழுக்கவேண்டும். இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க ஆளில்லை.

"நான் பிடிக்கிறன்," என்றார் தியாகராசா.

"வேண்டாம் மாமா. பாரம். ஒழுங்கைக்குள்ளை ஆரையும் கேட்டுப் பாப்பம்."

"முப்பத்தெட்டு வருசம் தபால் பை தூக்கின கை தம்பி இது. இறங்கும்."

யதுசன் ஒரு கணம் நின்றான். பிறகு கயிற்றை முக்காலியில் இருந்த கப்பியில் போட்டு, நுனியை அவருடைய கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினான். "ஒருக்கா இழுத்தால் நிப்பாட்டுங்கோ. ரெண்டு தரம் இழுத்தால் மேலை தூக்குங்கோ." இடுப்புப் பட்டியைக் கொளுவி, கிணற்றுக்கட்டில் ஏறி, உள்ளே இறங்கினான். நீலச் சட்டை சுண்ணாம்புக் கல்லை உரசிக்கொண்டு கீழே கீழே போனது. தியாகராசாவின் கைக்குள் ஒரு ஆளின் பாரம் முழுவதும் வந்து இருந்தது. இவ்வளவுதானா என்று ஒருமுறை தோன்றியது. இவ்வளவா என்று மறுமுறை தோன்றியது.

முதல் சில வாளிகள் பேச்சில்லாமல் வந்தன. அழுகிய மாவிலை, சாம்பல் நிறச் சேறு, ஒரு பிளாஸ்ரிக் பந்து, கஜந்தினி ஐந்தாம் வகுப்பில் தொலைத்த, கோடு போடுகிற அடிமட்டம். தியாகராசா கீழே எட்டிப் பார்த்தார். தலைக்கவசத்தின் விளக்கு மட்டும் அசைந்தது. முகம் தெரியவில்லை. முகம் தெரியாதபோது கேட்பது லேசாக இருந்தது.

"தம்பி, ஏன் விட்டனீர்?"

விளக்கு அசையாமல் நின்றது. பிறகு குரல் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலுக்கு இரகசியம் என்று ஒன்றில்லை. வட்டச் சுவரில் மோதி, பெருகி, குசினி வரைக்கும் போனது.

"எங்கடை கொம்பனி வித்தது போத்தில் தண்ணி மாமா. உங்களுக்குத் தெரியும்தானே. நான் நல்லா வித்தன். புத்தூர்ப் பக்கம் ஒரு கடைக்காரர், அவரின்ரை வீட்டிலையும் எங்கடை போத்தில்தான். ஒருநாள் கை கழுவப் பின்னாலை போனன். நல்ல கட்டின கிணறு. பத்து வருசமா ஒருத்தரும் இறங்கேல்லையாம். மேலாலை பாசி. கீழை ஊத்து இருக்குது, அடைபட்டுக் கிடக்குது. வீட்டுக்கொரு கிணறு இருக்கிற ஊரிலை, அடுத்த வருசம் இன்னும் எவ்வளவு போத்தில் கூட விக்கலாம் எண்டு கேக்கப் போனவன் நான். அந்தக் கிணத்துக்கட்டிலை அரை மணித்தியாலம் இருந்தன். அதுக்குப் பிறகு கொழும்புக் கூட்டங்களிலை எனக்குக் கதை வரேல்லை மாமா."

"பயமில்லையோ?"

"இருக்கு. ஒவ்வொருக்காலும் இறங்கேக்கை இருக்கு. இந்த வேலை நிண்டு பிடிக்குமோ எண்டு தெரியாது. விடியக்காலையிலை முழிப்பு வந்தால் பிறகு நித்திரை வராது." கொஞ்சம் நிறுத்தி, "உங்களிட்டைச் சொல்லாமல் விட்டது பிழை மாமா. அதுதான் எல்லாத்தையும்விடப் பயமா இருந்தது," என்றான்.

தியாகராசா கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "நீர் ஒண்டும் பொய் சொல்லேல்லை. அதை அச்சடிச்சது நான்," என்றார். குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் படலை திறந்தது. செல்வரட்ணம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒரு துணிப்பையோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்.

"குங்குமச்சிமிழை எங்கடை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டியள். கலியாண வீட்டுச் சாமான், வேறை வீட்டிலை இருக்கப்படாது எண்டு மனிசி நிண்ட நிலையிலை அனுப்பிப்போட்டாள்." சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். மோட்டர், குழாய், சேற்றுக் குவியல், ஜெரிசனின் தாடி. அந்தத் தாடி அவருக்குத் தெரிந்த தாடி. "கிணறு இறைப்போ? ஆரைப் பிடிச்சனீங்கள்?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் கிணற்றுக்குள் சேறு அள்ளுகிற சத்தம் நின்றுவிட்டது. ஜெரிசன் வாளியைப் பாதியில் பிடித்தபடி நின்றான். குணலட்சுமி வாழையடியில் நின்று கணவனைப் பார்த்தாள். குசினி யன்னலில் ஒரு முகம் தெரிந்தது. ஒளிந்துகொள்ளவும் இல்லை. தியாகராசாவுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. இன்னொரு யதுசன் என்று சொல்லலாம். சொல்வது சுலபம், முன்னரும் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஆள் கீழே கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுடைய பாரம் இவருடைய கையில் இருக்கிறது. எங்கேயோ ஒரு மாமரத்தடியில் ஒரு கிழவர் சவுக்காரத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஒருத்தரையும் பிடிக்கேல்லை," என்றார் தியாகராசா. "மருமோன். உள்ளுக்கை நிக்கிறார்."

செல்வரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "அப்ப அண்டைக்குச் சொன்ன அந்த மற்ற யதுசன்?"

"அப்பிடி ஒருத்தர் இல்லை. காட்டிலை ஒரு வரி பிழை. மிச்சத்தைத் திருத்திக் குடுக்கப்போறன்."

"பிழையை நான் அண்டைக்கே கண்டிட்டன்," என்றார் செல்வரட்ணம். அவருடைய முகத்தில் பழைய வகுப்பறைச் சிரிப்பு வந்தது. "நீர் காணட்டும் எண்டுதான் பேசாமல் விட்டனான்." பையிலிருந்து வெள்ளிச் சிமிழை எடுத்துக் கிணற்றுக்கட்டின் மேல் வைத்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு தியாகராசாவின் பின்னால் வந்து, கயிற்றின் வாலைப் பிடித்தார். "மருமோன் பாரம். ஒருத்தர் பிடிக்க ஏலாது."

கீழேயிருந்து இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. தியாகராசா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "தம்பி?" என்று கூப்பிட்டார். ஒரு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் சுவர் முழுவதும் சுற்றி மேலே வந்தது. பிறகுதான் குரல்.

"மாமா, ஊத்துக்கண் திறந்திட்டுது. தண்ணி வருது. காலடியிலை குளிருது."

கயிறு இரண்டு தரம் இழுபட்டது.

இரண்டு கிழவர்களும் பின்னுக்குச் சரிந்து இழுத்தார்கள். கப்பி கத்தியது. முதலில் விளக்கு வந்தது, பிறகு தலைக்கவசம். பிறகு சேறு பூசிய ஒரு கை மேலே வந்து, வெள்ளிச் சிமிழுக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டின் விளிம்பைத் தேடியது. தியாகராசா செல்வரட்ணத்தின் பலத்தில் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய், அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார். கீழே, வெளிச்சம் போகாத இடத்தில், தண்ணீர் ஊறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.